இன்கிரிமென்டல் பேக்கப் 20 ஜிபியிலிருந்து 155 ஜிபி ஆகிவிட்டது, ரீஸ்டோர் செய்த இமேஜும் பூட் ஆகவில்லை

சர்வர்அறை (கேள்வி)

நண்பர்களே வணக்கம். எங்கள் அலுவலகத்தின் இரண்டு சர்வர்களுக்கான பேக்கப்பில் மூன்று சிக்கல்கள். விவரம் குறைந்தால் பதில் சொல்வது கஷ்டம் என்பதால் முழுதாகவே தருகிறேன்.

முதல் சர்வர் விண்டோஸ் சர்வர் 2019. விர்ச்சுவல் இல்லை, நேரடி வன்பொருள். சி டிரைவ் 240 ஜிபி எஸ்எஸ்டி. டி டிரைவ் ரெய்டு 10-இல் 3 டிபி, அதில் 1.6 டிபி நிரம்பியிருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் 2017 ஸ்டாண்டர்ட் டேட்டாபேஸ் (140 ஜிபி), ஃபைல் ஷேர் இரண்டும் டி-யில்தான். ஏஜென்ட் (சர்வரில் ஓடும் பேக்கப் மென்பொருள்) போட்டு பிளாக் லெவல் இமேஜ் (கோப்பாக இல்லாமல் டிஸ்கையே துண்டு துண்டாக நகலெடுப்பது) எடுக்கிறோம். மாதம் ஒரு ஃபுல், தினமும் இரவு 1 மணிக்கு இன்கிரிமென்டல் (முந்தைய பேக்கப்புக்குப் பிறகு மாறியது மட்டும்). லானில் உள்ள நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து கிளை அலுவலகத்துக்கு 50 எம்பிபிஎஸ் லைனில் நகல் போகிறது.

1. தினசரி இன்கிரிமென்டல் 20 ஜிபி சுற்றிதான் இருந்தது. மூன்று வாரமாக 155 ஜிபி. திங்கள்கிழமை 350-ஐத் தாண்டுகிறது. பயனர் எண்ணிக்கையோ வேலையோ கூடவில்லை. கிளைக்குப் போகும் நகல் காலை 10 மணியானாலும் முடியவில்லை.

2. ஞாயிறு அதிகாலை ஜாப் மட்டும் பாதியில் விழுகிறது. சிஸ்டம் லாகில் வால்ஸ்னாப் (விண்டோஸின் ஸ்னாப்ஷாட் டிரைவர்), ஈவென்ட் 25.

3. சோதனைக்காக வேறு மாடல் மெஷினில் ரீஸ்டோர் செய்தோம். 0எக்ஸ்7பி நீலத்திரை.

இரண்டாவது சர்வர் உபுண்டு, போஸ்ட்கிரெஸ் 15. டேட்டா ஒரு எல்வி (லாஜிக்கல் வால்யூம்), வால் (மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் லாக்) இன்னொரு எல்வி. இரண்டுக்கும் ஸ்கிரிப்டில் அடுத்தடுத்து எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுத்து நகலெடுக்கிறோம். இதில் இதுவரை பிழை வந்ததில்லை. முறை சரிதானா என்று மட்டும் சொல்லுங்கள்.

எட்டு_கேபி

வணக்கம். 155-இல் 20 போனால் 135. உங்கள் டேட்டாபேஸ் 140. டேட்டாபேஸ் பார்ப்பவர் யாரோ டி டிரைவுக்கே தினமும் ஃபுல் பேக்கப் எழுத ஆரம்பித்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உறுதிப்படுத்த இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, பவர்ஷெல்லில் கடந்த 24 மணி நேரத்தில் மாறிய, 1 ஜிபிக்கு மேற்பட்ட கோப்புகளை அளவு வரிசையில் எடுங்கள். டாட் பேக் கோப்பு (எஸ்க்யூஎல் எழுதும் பேக்கப்) இருந்தால் உடனே தெரியும். ஆனால் எம்டிஎஃப் (தரவு), எல்டிஎஃப் (லாக்) கோப்புகளின் மாற்றிய தேதியை நம்பாதீர்கள். எஸ்க்யூஎல் அவற்றைத் திறந்தே வைத்திருப்பதால், உள்ளே எத்தனை ஜிபி எழுதினாலும் தேதி நகராமல் இருக்கும். இரண்டு, எஸ்க்யூஎல் தன் பதிவுகளை வைக்கும் எம்எஸ்டிபி டேட்டாபேஸில் பேக்கப்செட் அட்டவணை. எப்போது, எந்த வகை, எவ்வளவு பெரியது, ஸ்னாப்ஷாட்டா இல்லையா என்று எல்லாமே அதில் பதிவாகியிருக்கும்.

இமேஜ் ஏஜென்டுக்குக் கோப்பின் பெயர் தெரியாது. கடைசி ஜாபுக்குப் பிறகு எந்த பிளாக்கில் எழுத்து விழுந்தது என்ற வரைபடம் மட்டும்தான் அதன் கையில். புதிய டாட் பேக் 135 ஜிபி பிளாக்குகளில் எழுதப்பட்டால் அத்தனையும் இன்கிரிமென்டலில் ஏறும். பழைய டாட் பேக்கை அழித்தாலும் குறையாது, நாளைய கோப்பு எழுதப்படும் பிளாக்குகள் மறுபடி மாறியவைதான். ஆக ஒரே தரவு இரண்டு முறை நாஸுக்குப் போகிறது, அதில் ஒன்று தினமும் முழுசாக. 50 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 6.25 எம்பி. 20 ஜிபி போக 53 நிமிடம், 155 ஜிபி போக ஏறக்குறைய 7 மணி நேரம். அதுவும் லைன் முழுதாகக் கிடைத்தால்.

திங்கள் 350 வருவதும் ஈவென்ட் 25-உம் ஒரே காரணம் என்று நினைக்கிறேன். ஞாயிறு இரவில் இண்டெக்ஸ் ரீபில்ட் (தேடல் அட்டவணைகளைப் புதிதாகக் கட்டுவது) ஓடுகிறதா? அதோடு ரெகவரி மாடல் (லாகை எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்ற அமைப்பு) என்ன, எல்டிஎஃப் அளவு எவ்வளவு, லாக் பேக்கப் எடுக்கிறீர்களா என்றும் சொல்லுங்கள்.

அளவு கூடுவதையும் நேரம் கூடுவதையும் பிரித்துப் பார்க்கவேண்டும். சர்வர் சரியாக ஷட்டவுன் ஆகாமல் கரண்ட் போய் நின்றால் ஏஜென்டின் மாறிய பிளாக் வரைபடம் செல்லாததாகி, அடுத்த ஜாப் டிஸ்க் முழுவதையும் படித்து ஒப்பிடும். அப்போது நேரம் பலமடங்கு ஆகும், அனுப்பும் அளவு பெரிதாக மாறாது. டீஃப்ராக் ஓடினால் அளவே கூடும், ஏனென்றால் தரவு அதேதான் என்றாலும் உட்காரும் பிளாக் வேறு. விண்டோஸ் டீடூப்ளிகேஷன் ஆப்டிமைசேஷன் ஜாபும் அப்படித்தான். திட்டமிட்ட டீஃப்ராக் டி-க்கு ஓடுகிறதா என்று டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சர்வர்அறை

சரியாகச் சொன்னீர்கள். மூன்று வாரம் முன்பு மெயின்டனன்ஸ் பிளான் போட்டிருக்கிறார்கள். தினமும் இரவு 11.30-க்கு கம்ப்ரஷன் இல்லாத ஃபுல் பேக்கப், டி-யிலேயே, தேதியோடு புதுப் பெயரில். ஞாயிறு அதிகாலை 1 மணிக்கு எல்லா இண்டெக்ஸும் ரீபில்ட். ரெகவரி மாடல் ஃபுல். லாக் பேக்கப் இதுவரை எடுத்ததே இல்லை. எல்டிஎஃப் 210 ஜிபி. இமேஜ் எடுத்தால் லாக் தானாகக் குறையும் என்று நினைத்திருந்தோம்.

எட்டு_கேபி

விஎஸ்எஸ் (விண்டோஸின் ஷேடோ காப்பி சேவை) வழியாக எடுக்கும் இமேஜ் எஸ்க்யூஎல் லாகைத் தொடாது. ஏஜென்டில் லாக் ட்ரங்கேட் (லாகின் பழைய பகுதியைக் காலி செய்வது) என்ற வசதி இருந்து அதை இயக்கியிருந்தால்தான் அது தனியாக ஒரு லாக் பேக்கப் எடுக்கும். ஃபுல் மாடலில் லாக் பேக்கப் எடுக்காதவரை எல்டிஎஃப் வளர்ந்துகொண்டேதான் போகும். ரீபில்ட் முழுமையாக லாக் ஆகும் வேலை வேறு. அதனால் 140 ஜிபி டேட்டாபேஸை ரீபில்ட் செய்தால் எம்டிஎஃபிலும் எழுத்து, எல்டிஎஃபிலும் ஏறக்குறைய அதே அளவு எழுத்து. திங்கள் கணக்கு இதுதான். ஞாயிறு ஜாப் விழுந்ததால் இரண்டு நாள் மாற்றமும் சேர்ந்து திங்களில் வருகிறது.

ஈவென்ட் 25: இரவு 1 மணிக்கு ஷேடோ காப்பி (அந்தக் கணத்தின் டிஸ்க் படம்) உருவாகிறது. அதற்குப் பிறகு டி-யில் பழைய பிளாக் மேல் எழுதுவதற்கு முன் அதன் நகலை ஷேடோ ஸ்டோரேஜில் ஒதுக்கி வைக்கவேண்டும். சரியாக அதே 1 மணிக்கு ரீபில்ட் தொடங்கி டிஸ்கை நெருக்குகிறது. ஷேடோ ஸ்டோரேஜ் அந்த வேகத்துக்கு வளர முடியாமல் போனால் விண்டோஸ் உங்கள் எழுத்தை நிறுத்தாது, ஷேடோ காப்பியைத்தான் தூக்கிப் போடும். ஏஜென்ட் படித்துக்கொண்டிருந்த ஸ்னாப்ஷாட் பாதியில் மறைந்துபோகும்.

நான் மாற்றச் சொல்வது இந்த வரிசையில்:

ரீபில்டை ஞாயிறு மாலைக்கு நகர்த்துங்கள், இமேஜ் ஜாபுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பு. அதோடு எல்லா இண்டெக்ஸையும் கண்ணை மூடிக்கொண்டு ரீபில்ட் செய்வதை நிறுத்தி, ஃபிராக்மென்டேஷன் 30 சதவீதத்துக்கு மேல் உள்ள பெரிய இண்டெக்ஸ்களுக்கு மட்டும் செய்யுங்கள். பெரும்பாலான வாரங்களில் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது.

டாட் பேக்குக்கென்று தனி வால்யூம். 500 ஜிபி போதும், இமேஜ் ஜாபிலிருந்து அதை விலக்கிவிடுங்கள். கம்ப்ரஷனை இயக்குங்கள், ஸ்டாண்டர்ட் பதிப்பில் அது உண்டு. டி-க்கான ஷேடோ ஸ்டோரேஜையும் வேறு வால்யூமுக்கு மாற்றலாம். விஎஸ்எஸ்அட்மின் ஆட் ஷேடோஸ்டோரேஜ், /ஃபார்=டி: /ஆன்=ஈ: /மேக்ஸ்சைஸ்=200ஜிபி. டி-யில் ஏற்கெனவே ஷேடோ காப்பி இருந்தால் அவற்றை நீக்கிய பிறகுதான் இடம் மாற்ற விடும்.

லாக் பேக்கப் 15 நிமிடத்துக்கு ஒரு முறை. முதல் லாக் பேக்கப் பெரிதாக வரும், இடம் வைத்துக்கொள்ளுங்கள். அது முடிந்தபின் எல்டிஎஃபை ஒரே ஒரு முறை சுருக்கி, நியாயமான அளவில், 30 அல்லது 40 ஜிபி என்று வைத்து நிறுத்துங்கள். சுருக்குவதைத் தினசரி ஜாபாக வைத்தால் அது மறுபடி மறுபடி வளர்ந்து அதுவே இன்கிரிமென்டலில் ஏறும்.

அடுத்து நீங்கள் போகப்போகும் இடத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். 'தினமும் ஃபுல் எதற்கு, வாரம் ஒரு ஃபுல், மற்ற நாள் டிஃபரென்ஷியல் (கடைசி ஃபுல்லுக்குப் பிறகு மாறியது) போதுமே' என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் இமேஜ் ஏஜென்ட் விஎஸ்எஸ் ஸ்னாப்ஷாட்டை காப்பி ஒன்லியாக (பேக்கப் வரிசையைத் தொடாத நகலாக) எடுக்காவிட்டால், எஸ்க்யூஎல் கண்ணில் அதுவும் ஒரு ஃபுல் பேக்கப். இரவு 1 மணிக்கு டிஃபரென்ஷியலின் அடித்தளம் அந்த ஸ்னாப்ஷாட்டுக்கு மாறிவிடும். உங்கள் ஞாயிறு டாட் பேக் மேல் புதன்கிழமை டிஃபரென்ஷியலைப் போடும்போது 3136 பிழை வரும். எடுக்கும்போது எந்த எச்சரிக்கையும் வராது, மீட்கும் நாளில்தான் தெரியும். ஏஜென்ட் அமைப்பில் எஸ்க்யூஎல் பகுதியில் காப்பி ஒன்லி என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மறுநாள் பேக்கப்செட் அட்டவணையில் அந்த ஸ்னாப்ஷாட் வரியில் ஈஸ்_காப்பி_ஒன்லி 1 என்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அதேபோல லாக் பேக்கப்பை ஏஜென்டும் மெயின்டனன்ஸ் பிளானும் இரண்டு பேரும் எடுக்கக்கூடாது. சங்கிலியின் பாதிக் கண்ணி ஓரிடத்திலும் மீதி இன்னோரிடத்திலும் கிடக்கும்.

இதையெல்லாம் செய்தபிறகும் 20 ஜிபிக்குக் கீழே வராது என்றால் அட்டவணை வடிவமைப்பைப் பாருங்கள். கிளஸ்டர்டு கீ (வரிகளை அடுக்கும் வரிசை) ஜியுஐடி-யாக (ஒழுங்கில்லாமல் வரும் நீள அடையாள எண்) இருந்தால் ஒவ்வொரு புது வரியும் எங்கெங்கோ உள்ள 8 கேபி பக்கங்களில் போய் விழும். ஏஜென்ட் 256 கேபி, 1 எம்பி என்று பெரிய துண்டுகளாகக் கண்காணித்தால் 8 கேபி மாற்றத்துக்கு முழுத் துண்டும் போகும்.

வெறும்_இரும்பு

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 0எக்ஸ்7பி என்றால் விண்டோஸ் லோடர் வரை எல்லாம் சரியாக வந்து, கெர்னல் எழுந்தபின் பூட் டிஸ்கைப் பார்க்க முடியவில்லை என்று பொருள். அதாவது உங்கள் இமேஜ் கெடவில்லை. புது மெஷினின் ரெய்டு கன்ட்ரோலருக்கான டிரைவர் அந்த விண்டோஸில் இல்லை, அல்லது பயாஸில் சாட்டா முறை ரெய்டா ஏஹெச்சிஐ-யா என்பது மாறியிருக்கிறது. பயாஸை முதலில் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

டிரைவர்தான் என்றால்: விண்டோஸ் நிறுவல் பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேர், கமாண்ட் பிராம்ப்ட். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். நீங்கள் சி என்று நினைப்பது டி-யாக இருக்கலாம், டிர் போட்டு விண்டோஸ் ஃபோல்டர் எங்கே என்று பார்த்த பிறகே தொடுங்கள். கன்ட்ரோலர் தயாரிப்பாளர் தரும் டிரைவரை விரித்து, ஐஎன்எஃப் கோப்பு வெளியே தெரியும்படி பென்டிரைவில் வைத்திருக்கவேண்டும், செட்டப் இஎக்ஸ்இ உதவாது. பிறகு:

டிஸ்ம் /இமேஜ்:சி:\ /ஆட்-டிரைவர் /டிரைவர்:எஃப்:\டிரைவர் /ரிகர்ஸ்

பெரும்பாலும் இதோடு எழுந்துவிடும். உங்கள் ஏஜென்டின் ரெகவரி மீடியாவிலேயே வேறு வன்பொருளுக்கு ரீஸ்டோர் என்ற வசதி இருந்தால் அதுவும் உள்ளே இதையேதான் செய்கிறது. அந்த மீடியாவை உருவாக்கும்போதே மாற்று மெஷினின் ஸ்டோரேஜ், நெட்வொர்க் டிரைவர் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். நெட்வொர்க் டிரைவர் இல்லாத மீடியாவால் நாஸைப் பார்க்கவே முடியாது.

இன்னும் சில இடங்களில் மாட்டிக்கொள்வீர்கள். இமேஜ் ஜாபில் சி, டி மட்டும் டிக் செய்திருக்கிறீர்களா, பூட் கோப்புகள் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனும் சேர்ந்திருக்கிறதா? 100 எம்பிதான், எழுத்தும் இல்லாமல் ஒளிந்து கிடக்கும். அது இல்லாமல் ரீஸ்டோர் செய்தால் பூட் சாதனமே இல்லை என்று வரும். அப்போது டிஸ்க்பார்ட்டில் கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=100, ஃபார்மட் க்விக் எஃப்எஸ்=ஃபேட்32, அசைன் லெட்டர்=எஸ், பிறகு பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ. ஆனால் டிஸ்கில் அதற்கு இடம் விட்டிருக்கவேண்டும், சி-யை டிஸ்க் முழுக்க விரித்துவிட்டால் திரும்பச் சுருக்கவேண்டியிருக்கும். ஒழுங்காக டிஸ்க் முழுவதையும் டிக் செய்வதே மேல்.

மாற்று டிஸ்க் 4கே நேட்டிவ் வகையாக இருந்தால் 512 பைட் செக்டரில் எடுத்த இமேஜ் அதில் அப்படியே உட்காராது. 512இ என்று போட்டிருக்கும் டிஸ்க் பிரச்சினையில்லை. வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள்.

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) போட்டிருந்தால்: ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்து எடுக்கும் இமேஜில் தரவு பூட்டு நீங்கிய நிலையில்தான் இருக்கும். அதனால் நாஸில் உள்ள கோப்பை ஏஜென்டே என்கிரிப்ட் செய்யவேண்டும், ரீஸ்டோர் ஆனபின் பிட்லாக்கரை மறுபடி இயக்கவேண்டும்.

சோதனை ரீஸ்டோரை உங்கள் அலுவலக நெட்வொர்க்கில் இணைக்கவே இணைக்காதீர்கள். கேபிளைக் கழற்றிவிட்டு, அல்லது தனி விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க்). ஒரே பெயரில் இரண்டு சர்வர் எழுந்தால் ஐபி மோதல் மட்டும் வராது. டொமைனில் மெஷின் அக்கவுன்ட் கடவுச்சொல் இயல்பாக 30 நாளுக்கு ஒரு முறை மாறும். சோதனை நகல் டொமைன் கன்ட்ரோலரைப் பார்த்து அதை மாற்றிவிட்டால், உண்மையான சர்வர் டொமைனிலிருந்து துண்டிக்கப்படும். உண்மையான பேரிடரில் பழைய இமேஜை ஏற்றும்போதும் இதே பிழை வரலாம். அப்போது டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் -ரிப்பேர் போதும். அதற்கு உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் யாருக்காவது தெரிந்திருக்கவேண்டும். அதை அந்த சர்வரிலேயே ஒரு எக்செல் கோப்பில் வைக்காதீர்கள்.

பூட் ஆனதும் வேலை முடியவில்லை. டேட்டாபேஸை ஆன்லைன் கொண்டுவந்து, உள்ளே சிதைவு இருக்கிறதா என்று பார்க்கும் டிபிசிசி செக்டிபி ஓட்டுங்கள். அது சுத்தமாக முடிந்தால்தான் அந்த இமேஜ் பயன்படும் என்று எழுதி வையுங்கள். மொத்தம் எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1 ஜிபிபிஎஸ் லானில் நொடிக்கு 110 எம்பி கிடைத்தால் 1.6 டிபி இறங்க 4 மணி நேரம். நாஸில் மெதுவான டிஸ்க் என்றால் அதன் இரட்டிப்பு. நிர்வாகம் கேட்கும்போது சொல்லவேண்டிய எண் அதுதான்.

எல்வி_ஸ்னாப்

உபுண்டு பக்கம் நான் சொல்கிறேன். நீங்கள் எடுக்கும் முறை தவறு. பிழை வரவில்லை என்பதால் சரி என்று ஆகாது, இந்தத் தவறு எடுக்கும்போது பிழையாகத் தெரிய வழியே இல்லை.

எல்விஎம் ஸ்னாப்ஷாட் ஒரு எல்வி-க்குள் ஒரே கணத்தின் படம். போஸ்ட்கிரெஸுக்கு அது கரண்ட் போய் மெஷின் நின்ற நிலை போலத்தான், வால் பதிவைத் திரும்ப ஓட்டி அது தானே மீண்டுவிடும். ஆனால் டேட்டாவும் வாலும் ஒரே கணத்தைச் சேர்ந்தவையாக இருந்தால் மட்டுமே. நீங்கள் முதலில் வாலை எடுத்து இரண்டு நொடி கழித்து டேட்டாவை எடுத்தால், அந்த இரண்டு நொடியில் டேட்டா பக்கங்களில் விழுந்த மாற்றத்துக்கு வாலில் பதிவே இருக்காது. வரிசையை மாற்றினாலும் தப்பாது. நடுவில் செக்பாயின்ட் (மாற்றங்களை டேட்டா கோப்பில் இறக்கி முடிப்பது) நடந்து பழைய வால் கோப்புகள் மறுசுழற்சிக்குப் போயிருக்கலாம். அதிகாலை அமைதியான நேரத்தில் எடுப்பதால் பெரும்பாலும் எழுந்துவிடும், அந்தப் 'பெரும்பாலும்' தான் ஆபத்து.

இரண்டு வழி. டேட்டாவையும் வாலையும் ஒரே எல்வி-யில் வைப்பது எளிது. பிரித்தே வைக்கவேண்டும் என்றால் பிஜி_பேக்கப்_ஸ்டார்ட் அழைத்து, ஸ்னாப்ஷாட் எடுத்து, பிஜி_பேக்கப்_ஸ்டாப் அழைக்கவேண்டும். 15-ஆம் பதிப்பில்தான் பெயர் இப்படி மாறியது, பழைய ஸ்கிரிப்டில் பிஜி_ஸ்டார்ட்_பேக்கப் என்றிருந்தால் ஓடாது. இரண்டு அழைப்புக்கும் நடுவில் அதே இணைப்பு திறந்தே இருக்கவேண்டும். ஷெல் ஸ்கிரிப்டில் பிஎஸ்க்யூஎல்-ஐ இரண்டு முறை தனித்தனியாகக் கூப்பிடுகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். ஸ்டாப் திருப்பித் தரும் பேக்கப்_லேபிள் உரையைச் சேமித்து, மீட்கும்போது டேட்டா ஃபோல்டரில் வைக்கவேண்டும். வால் ஆர்க்கைவிங்கும் இயங்கவேண்டும், அந்த இடைவெளியின் வால் கோப்புகள் இல்லாமல் மீட்பு முடியாது.

ஸ்னாப்ஷாட்டின் அளவு எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள்? சாதாரண வகை ஸ்னாப்ஷாட் 100 சதவீதம் நிரம்பிய கணமே செல்லாததாகிவிடும், நகலெடுப்பது நடுவில் படிப்புப் பிழையோடு நிற்கும். எல்விஎஸ் கட்டளையில் டேட்டா சதவீதத்தைப் பாருங்கள். எல்விஎம் கான்ஃப் கோப்பில் ஸ்னாப்ஷாட்_ஆட்டோஎக்ஸ்டெண்ட்_த்ரெஷோல்ட் இயல்பாக 100, அதாவது அணைந்திருக்கிறது. 70 என்று வையுங்கள், விஜி-யில் (எல்விக்கு இடம் தரும் டிஸ்க் தொகுப்பு) காலி இடமும் விடுங்கள். நகல் முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டை நீக்குங்கள், அது இருக்கும்வரை ஒவ்வொரு எழுத்தும் மெதுவாகும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் மவுன்ட் செய்யும்போது நோயூயூஐடி தேவை, இல்லாவிட்டால் அதே அடையாளம் ஏற்கெனவே மவுன்ட் ஆகியிருக்கிறது என்று மறுக்கும்.

ஜாப் தோல்வி மின்னஞ்சல் வருவதை மட்டும் நம்பியிருக்கிறீர்களா? கிட்லேப் நிறுவனம் 2017 ஜனவரி 31 அன்று தவறான சர்வரில் டேட்டா ஃபோல்டரை அழித்தபோது, பிஜி_டம்ப் பேக்கப்புகள் பதிப்பு பொருந்தாமல் தோல்வியடைந்துகொண்டே இருந்தது அப்போதுதான் தெரிந்தது. தோல்வி மின்னஞ்சல்கள் டிமார்க் (போலி மின்னஞ்சலைத் தடுக்கும் சோதனை) காரணமாக நிராகரிக்கப்பட்டிருந்தன. கடைசியில் கைகொடுத்தது, ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஓர் எல்விஎம் ஸ்னாப்ஷாட். அவர்களே வெளிப்படையாக எழுதிய விஷயம் இது. அதனால் தோல்விச் செய்தி வரவில்லை என்பதைப் பார்க்காமல், வெற்றிச் செய்தி 26 மணி நேரத்துக்குள் வந்ததா, கோப்பின் அளவு வழக்கத்திலிருந்து பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறியதா என்று கண்காணியுங்கள். உங்கள் 155 ஜிபி மூன்று வாரம் முன்பே பிடிபட்டிருக்கும்.

சர்வர்அறை

எல்லோருக்கும் மிக்க நன்றி. பிளான் நேரங்களை மாற்றிவிட்டோம், டாட் பேக் தனி வால்யூமுக்குப் போய்விட்டது. நேற்றைய இன்கிரிமென்டல் 24 ஜிபி. டிரைவர் சேர்த்ததும் சோதனை மெஷின் பூட் ஆனது, செக்டிபி ஓடிக்கொண்டிருக்கிறது. இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஏற்கெனவே ஜாபில் இருந்தது.

இன்னும் இரண்டு சந்தேகம். மாத ஃபுல்லை விட்டுவிட்டு சிந்தெடிக் ஃபுல்லுக்கு மாறலாமா? நாஸ் இப்போது டொமைனில் சேர்ந்து, டொமைன் அட்மின் அக்கவுன்டில்தான் ஏஜென்ட் எழுதுகிறது. இது பரவாயில்லையா?

வெறும்_இரும்பு

சிந்தெடிக்குக்கு மாறலாம். சர்வரைத் தொடாமல் நாஸில் உள்ள பழைய ஃபுல்லையும் இன்கிரிமென்டல்களையும் சேர்த்தே புது ஃபுல் உருவாகும், உங்கள் லைனுக்கு நல்லது. ஆனால் நாஸில் ஒரு பிளாக் கெட்டிருந்தால் கெட்ட பிளாக்கே புது ஃபுல்லிலும் போய் உட்காரும். ஏஜென்டில் செக்சம் சரிபார்ப்பை வாரம் ஒரு முறை ஓட்டுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்வரிலிருந்தே புதிதாகப் படிக்கும் உண்மையான ஃபுல் ஒன்று எடுங்கள். நாஸ் டிஸ்க் எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்) வகை என்றால் சிந்தெடிக் சேர்க்கும் வேலை மிக மெதுவாக நடக்கும், மாடல் எண்ணைப் பாருங்கள்.

நாஸை இன்றே டொமைனிலிருந்து வெளியே எடுங்கள். ரேன்சம்வேர் உள்ளே வந்தால் முதலில் விஎஸ்எஸ்அட்மின் டிலீட் ஷேடோஸ் /ஆல் /கொயட் ஓட்டும், அடுத்து டொமைன் அட்மின் உரிமை எங்கெல்லாம் எட்டுகிறதோ அங்கெல்லாம் போகும். உங்கள் பேக்கப் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. நாஸில் மட்டுமே உள்ள ஒரு தனிக் கணக்கை உருவாக்கி, அதன் கடவுச்சொல்லை ஏஜென்டில் மட்டும் பதியுங்கள். அந்த ஷேரை எந்த மெஷினிலும் டிரைவ் எழுத்தாக மேப் செய்யாதீர்கள். நாஸின் நிர்வாகப் பக்கத்துக்கு வேறு கடவுச்சொல், இரண்டடுக்கு சரிபார்ப்பு. கிளையில் உள்ள நகலுக்கு நாஸிலேயே படிக்க மட்டும் முடிகிற ஸ்னாப்ஷாட் 14 நாள் வையுங்கள். கிளவுடில் ஒரு நகல் வைக்க முடிந்தால் ஆப்ஜெக்ட் லாக் (அழிக்க முடியாதபடி பூட்டுவது), அதிலும் கம்ப்ளையன்ஸ் முறை. குறித்த தேதிவரை ரூட் கணக்கினாலும் அழிக்க முடியாது, அதனால் நாட்களை யோசித்து வையுங்கள். தவறாக 3650 என்று போட்டுவிட்டால் பத்து ஆண்டும் வாடகை கட்டவேண்டியதுதான்.

எட்டு_கேபி

செக்டிபி முடிந்ததும் அதே சோதனை மெஷினில் ஒரு டாட் பேக்கையும் 15 நிமிட லாக் கோப்புகளையும் வரிசையாக ஏற்றி, நேற்று மதியம் 2.10 என்று ஏதாவது ஒரு நேரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். இமேஜ் உங்களை இரவு 1 மணிக்குத்தான் கொண்டுபோகும். எந்த வரிகள் என்று குறிக்கும் 'வேர்' நிபந்தனை இல்லாத அப்டேட்டை யாரோ ஓட்டி 2.12-க்கு அட்டவணையைக் கெடுத்தால் தேவைப்படுவது இந்த வழிதான்.